உறுமி சத்தத்தை உலகத்துக்குக் கொண்டுபோன எம்.ஐ.ஏ.: 'மாதா' ஆல்பம் ஏன் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை?

ஆடி மாதம் வண்ணாரப்பேட்டை பக்கம் போனால், கூழ் ஊற்றும் அம்மன் கோயில் வாசலில் உறுமி சத்தம் கேட்காமல் தெருவைத் தாண்ட முடியாது. அதே உறுமி 2007-லேயே லண்டன், நியூயார்க் கிளப்களில் அதிர்ந்தது. அதைச் செய்தவர் எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி 'மாயா' அருள்பிரகாசம். 2022 அக்டோபர் 14 அன்று அவருடைய ஆறாவது ஆல்பம் 'மாதா' வெளியானது. ஆனால், பழைய அதிர்வு இல்லை. ஏன்?

யார் இந்த எம்.ஐ.ஏ.?

1975-ல் லண்டனில் பிறந்த ஈழத்தமிழர். ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இலங்கைக்குத் திரும்பியது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தார், சென்னையிலும் சில காலம் இருந்தார். போர் காரணமாக 1986-ல் அம்மாவோடு அகதியாக மீண்டும் லண்டன். ஆங்கிலம் பேசத் தெரியாத அம்மா கலாவுக்குக் கிடைத்த வேலைகளில் ஒன்று, பிரிட்டன் அரச விருதுப் பதக்கங்களைக் கையால் தைப்பது. பின்னாளில் மகளுக்கே எம்.பி.இ. என்ற அரச விருது கிடைத்தபோது, அதை ஏற்க இந்தக் கதையைத்தான் காரணமாகச் சொன்னார் மாயா.

ஓவியக் கல்லூரி மாணவியான அவர் இசை முறையாகக் கற்றவர் அல்ல. ரோலண்ட் எம்.சி-505 என்ற ஒரே ஒரு எலக்ட்ரானிக் பெட்டியில் தாளம் போட ஆரம்பித்தார். அப்படி வந்ததுதான் அப்பாவின் இயக்கப் பெயரைத் தாங்கிய 'அருளர்' (2005).

சென்னைக்கு என்ன சம்பந்தம்?

இரண்டாவது ஆல்பத்தை அமெரிக்காவில் பதிவு செய்வதுதான் திட்டம். விசா சிக்கலால் அது நடக்கவில்லை. சரி என்று இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா என்று சுற்றினார். சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மானின் ஸ்டூடியோவில் உறுமிக் கலைஞர்களை வாசிக்க வைத்துப் பதிவு செய்தார். 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' பாடல்களில் முதுகெலும்பே அந்த அடிதான்.

உறுமியின் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அப்போது வரும் உறுமல், சின்தசைசரில் வரும் 'பேஸ்' மாதிரியே வழுக்கிக்கொண்டு இறங்கும். கிளப் ஸ்பீக்கருக்கு அது கச்சிதமாகப் பொருந்தியதில் ஆச்சரியம் இல்லை.

அம்மா பெயரிலேயே வந்த அந்த 'கலா' (2007) ஆல்பத்தின் முதல் பாட்டில் 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' சாம்பிள் ஒலிக்கும். ரோலிங் ஸ்டோன் இதழ் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாக அதைத் தேர்ந்தெடுத்தது. 'பேப்பர் பிளேன்ஸ்' அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 4-ம் இடம் வரை போனது.

'மாதா' ஏன் எடுபடவில்லை?

2016-ல் வந்த 'எய்ம்'தான் கடைசி ஆல்பம் என்று சொல்லியிருந்தவர், ஆறு வருடம் கழித்துத் திரும்பி வந்தார். சமூக ஊடகப் புகழைக் கிண்டலடிக்கும் 'பாபுலர்' பாட்டுக்குப் பழைய கூட்டாளி டிப்லோ கைகொடுத்தார். 'புத்தி' என்று ஒரு பாட்டுக்குத் தமிழிலேயே தலைப்பு.

விமர்சனங்கள் இரண்டு பட்டன. தாளத்தில் பழைய வேகம் அப்படியே இருக்கு என்றார்கள் சிலர். வரிகளில் பழைய கூர்மை இல்லை, துண்டு துண்டாக நிற்கிறது என்றார்கள் மற்றவர்கள். போதாக்குறைக்கு, வெளியீட்டை ஒட்டி தடுப்பூசி பற்றி அவர் ட்விட்டரில் எழுதியது சர்ச்சையாகி, பாட்டை விடப் பாடகிதான் அதிகம் பேசப்பட்டார்.

இன்னொரு காரணமும் உண்டு. 2007-ல் உலக பாப் இசைக்குப் புதுசாக இருந்த சத்தம், 2022-ல் புதுசு இல்லை. 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் மேடையேறியது. சாவு வீட்டோடு ஒதுக்கப்பட்டிருந்த கானாவும் பறையும் ராக், ராப்போடு சேர்ந்து நின்றன. ராயபுரத்தில் வளர்ந்த கானா பாடகி இசைவாணி 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். 2021-ல் 'எஞ்சாயி எஞ்சாமி' உலகமெங்கும் ஓடியது. மாயா திறந்துவிட்ட கதவு வழியாக ஊரே உள்ளே வந்த பிறகு, கதவைத் திறந்தவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

அப்போ இது தோல்வியா?

விற்பனையை மட்டும் பார்த்தால் 'கலா'வின் பக்கத்தில்கூட 'மாதா' வராது. ஆனால், இருபது வருடமாகக் களத்தில் இருக்கும் ஒரு கலைஞரின் ஆறாவது ஆல்பத்தை இரண்டாவது ஆல்பத்தோடு மட்டுமே ஒப்பிடுவது சரியா? மூத்த பாப் கலைஞர்கள் எல்லோருக்கும் இதே தண்டனைதான். பழைய மாதிரியே செய்தால் 'அதே பாட்டு', மாற்றினால் 'பழைய ஆள் இல்லை'.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. 'கலா'வைக் கொண்டாடிய ரசிகர்களில் எத்தனை பேருக்கு, அதில் உறுமி அடித்த சென்னைக் கலைஞர்களின் பெயர் தெரியும்? 2021-ல் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் 'எஞ்சாயி எஞ்சாமி' எழுதிப் பாடிய அறிவு இல்லாதபோது எழுந்ததும் இதே கேள்விதான். சத்தம் எல்லை தாண்டிவிட்டது. வாசித்தவர்களின் பெயரும் காசும் தாண்டியதா?

எங்கிருந்து கேட்கலாம்?

முதலில் 'பேர்ட் ஃப்ளூ', அடுத்து 'பாய்ஸ்', பிறகு 'மாதா'வின் 'பாபுலர்', 'புத்தி'. மெட்ரோவில் வண்ணாரப்பேட்டையில் ஏறினால், ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் நாலும் முடிந்துவிடும். கேட்கும்போது ஆப்பில் 'கிரெடிட்ஸ்' பகுதியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.