கொய்யா இலை கறுத்துப் போகிறதா? மருந்துக்கு முன் எறும்பைப் பாருங்கள்

கொய்யா, எலுமிச்சை, வாசலில் நிற்கும் இட்லிப்பூ. இவற்றின் இலைகள் புகை படிந்ததுபோல் கறுத்தால், "செடிக்கு நோய் வந்துருச்சு" என்று பலரும் மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். பெரும்பாலும் அந்தக் கருமை நோயல்ல. இலைக்கு அடியில் செதில் பூச்சி இருப்பதற்கான அடையாளம் அது.

சிலிம் ரிவர் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பழமரம் உண்டு. சற்று வடக்கே உள்ள பீடோர், கொய்யாவுக்கே பெயர்போன ஊர். பழத்தோலில் கரும்படலம் படிந்தால் விலை போகாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இலையைத் திருப்பிப் பாருங்கள். நடுநரம்பு ஓரத்திலும் இளந்தண்டிலும் 2 முதல் 5 மில்லிமீட்டர் அளவில், பச்சை அல்லது பழுப்புப் பொட்டுகள் அசையாமல் ஒட்டியிருக்கும். நகத்தால் கீறினால் ஈரம் கசிந்தால் உயிரோடு இருக்கிறது. காய்ந்து உதிர்ந்தால் செத்துவிட்டது.

ஏன் கறுக்கிறது?

பூச்சி சாற்றை உறிஞ்சி, இனிப்பு நீரை வெளியேற்றுகிறது. அதன்மேல் கரும்பூஞ்சை வளர்கிறது. அந்த இனிப்புக்காக வரும் எறும்புகள், செதில் பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகளையும் அதை அழிக்கும் குட்டிக் குளவிகளையும் விரட்டிவிடும்.

இது பழைய எதிரிதான். 1869இல் இலைத்துரு நோய் புகுந்த இலங்கைக் காப்பித் தோட்டங்களைப் பின்னர் பச்சைச் செதில் பூச்சியும் வாட்டியது. 1889இல் எட்வர்ட் எர்னஸ்ட் கிரீன் அதை விவரித்துப் பெயரிட்டார். கொய்யாவிலும் இட்லிப்பூவிலும் இன்று காணப்படுவதும் அதே இனம்தான்.

என்ன செய்யலாம்?

1. எறும்பின் வழியை அடையுங்கள். சுவரையும் வேலியையும் தொடும் கிளைகளை வெட்டுங்கள். அடிமரத்தில் டேப் சுற்றி, அதன்மேல் ஒட்டும் பசை தடவுங்கள்.
2. பூச்சி மண்டிய கிளைகளை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.
3. இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். பிறகு 1 லிட்டர் நீரில் 5 மில்லி மென்மையான திரவ சோப்பு கலந்து மாலையில் தெளியுங்கள். முதலில் நாலைந்து இலையில் அடித்து, ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். முட்டையிலிருந்து புதிய குஞ்சுகள் வரும் என்பதால் 7 முதல் 10 நாளில் மீண்டும் தெளிக்க வேண்டும்.
4. மழைக்காலத்தில் பூச்சியைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் விட்டுவிடுங்கள். பூச்சியைக் கொல்லும் நல்ல பூஞ்சை அது.
5. உரத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். தழைச்சத்து மிஞ்சினால் பூச்சிக்குத்தான் விருந்து.

பூச்சிக்கொல்லி?

கடைசி வழி. பூக்கும் நேரத்தில் அடித்தால் தேனீக்கள் சாகும். நன்மை செய்யும் பூச்சிகளும் போய்விடும், செதில் பூச்சி மறுபடியும் பெருகும். 1974ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் பதிவான மருந்தை மட்டுமே வாங்குங்கள். உங்கள் பயிரின் பெயரும் அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாட்களும் லேபலில் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமா? ஒரு கிளையைப் பையில் மூடி, மாவட்ட விவசாய அலுவலகத்தில் காட்டுங்கள்.

செத்த பூச்சி உடனே உதிராது; கரும்படலமும் மெல்லத்தான் மறையும். "இன்னும் கறுப்பா இருக்கே" என்று மறுபடி மருந்து அடிக்க வேண்டாம். புதுத் தளிர் சுத்தமாக இருந்து, எறும்பு வரிசையும் நின்றுவிட்டால் மரம் தேறிவிட்டது.