பழைய பிலிம் கேமராவைத் திறக்கும் முன்

தாமல் போல ஏரியை ஒட்டிய ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை ஈரம் பீரோவுக்குள்ளும் புகுந்துவிடும். தோல் உறைக்குள் கிடக்கும் பழைய கேமராவின் லென்ஸில் பூஞ்சை படர அதுவே போதும். நாளாக நாளாக அது கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். பிறகு எவ்வளவு துடைத்தாலும் தழும்பு போகாது. உறையைக் கழற்றிவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3 போன்ற பெட்டிக் கேமராவில் பேட்டரியே கிடையாது. அதை வீட்டிலேயே திறந்து தூசி தட்டலாம். பிளாஷ் உள்ளேயே பொருத்திய கேமரா அப்படியல்ல. இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடுவதுதானே என்று தோன்றும். உள்ளே கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் ஏறியிருக்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும் தங்கியிருக்கும். அதன் ஸ்க்ரூவில் தயவுசெய்து கை வைக்காதீர்கள். 1960, 70களின் கேமராக்கள் பலவற்றில் இருந்த 1.35 வோல்ட் பொத்தான் பேட்டரியில் பாதரசம் உண்டு. அதை உடைக்கவோ, குப்பையோடு கொளுத்தவோ கூடாது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளும் பழைய பேட்டரியைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்கின்றன.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். தெரிந்த கடை என்று சீட்டே வாங்குவதில்லை. கேமராவின் மாடல், உடலிலும் லென்ஸிலும் உள்ள வரிசை எண்கள், இருக்கும் கீறல், பேசிய கூலி, திருப்பித்தரும் தேதி எல்லாம் சீட்டில் இருக்கட்டும். கொடுக்குமுன் செல்போனில் படமும் எடுத்துவிடுங்கள். தன்னிடம் ஒப்படைத்த பொருளைத் தன் பொருளைப்போல் கவனமாகக் காக்க வேண்டியது கடைக்காரர் கடமை என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதே சட்டம், செய்த வேலைக்குக் கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைக்கும் உரிமையையும் அவருக்குத் தருகிறது. கூலியை முன்பே எழுதிக்கொள்ளச் சொல்வது அதற்காகத்தான்.

லென்ஸை மாற்றிவிட்டார், தொலைத்துவிட்டார், மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறார் என்றால் முதலில் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது. சென்னைக் கடையில் கொடுத்திருந்தாலும் அங்கே அலைய வேண்டாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்.