கல் வீடுதானே என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது நம் பெரியவர்கள் சொல்லி வைத்தது. வீடு கட்டுவதில் உள்ள சிரமத்தைச் சொன்னார்கள். வேறு ஒருவர் எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன்பு கட்டிய வீட்டை வாங்குவதில் உள்ள சிரமத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

கேமரன் மலையை எடுத்துக்கொள்வோம். 1885ஆம் ஆண்டு நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டு நிலத்தைப் பற்றிக் குறித்து வைத்தார். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் அங்கே 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்த மலைச் சரிவுகளில் தேயிலை வளர்ந்ததில் நம் தமிழர்களின் உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. துரைமார்கள் தங்கள் ஊரை நினைத்துக்கொண்டு பங்களாக்கள் கட்டினார்கள். கருங்கல் அடிச்சுவர், மரச்சட்டம், குளிர்காயப் புகைபோக்கி என்று அந்த வீடுகளுக்கு ஒரு தனி அழகு. நம்மவர்கள் லயத்தில் இருந்தார்கள். லயத்து வீடு தோட்டத்துடையது. வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

அந்த லயத்தில் பிறந்த பிள்ளைகள் இன்று படித்து, தொழில் செய்து, நாலு காசு சேர்த்திருக்கிறார்கள். தானா ராத்தாவிலோ பிரிஞ்சாங்கிலோ ஒரு பழைய கல் வீடு விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் சேமநிதிப் பணம், மகனின் வங்கிக் கடன், மருமகளின் நகை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் வாங்கிவிடலாம். "தாத்தா புல் வெட்டிய பங்களா மாதிரி ஒரு வீடு நமக்கே சொந்தமாகப் போகிறது" என்ற நினைப்பிலேயே கண் கலங்கிவிடும். தப்பில்லை. ஆனால் அப்படிக் கண் கலங்கி நிற்கும் நேரத்தில் சுவரில் உள்ள விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன். உங்கள் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு, அந்த வீட்டின் மேல் எந்த ஆசையும் இல்லாத, தொழில் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய் வீட்டை முழுமையாகப் பரிசோதித்து, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள்.

வங்கி பார்த்துவிட்டது, போதாதா?

பலரும் கேட்கும் கேள்வி இது. "வங்கியிலிருந்து ஆள் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனாரே, அப்புறம் எதற்கு இன்னொரு செலவு?"

வங்கி அனுப்புபவர் மதிப்பீட்டாளர். கடன் திரும்ப வராவிட்டால் இந்த வீட்டை என்ன விலைக்கு விற்கலாம் என்று வங்கிக்குச் சொல்வதுதான் அவர் வேலை. அவர் கூரைக்குள் ஏறிப் பார்க்க மாட்டார். தரைப்பலகையைத் தூக்கிப் பார்க்க மாட்டார். வீட்டின் விலை வேறு, வீட்டின் உடல்நலம் வேறு.

"அரசாங்கம் பார்க்காதா?" என்று அடுத்த கேள்வி வரும். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் 85ஏ என்ற பிரிவு இருக்கிறது. ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை பொறியாளர் பரிசோதிக்க வேண்டும் என்பதற்கான பிரிவு அது. உங்கள் ஒற்றை மாடிக் கல் வீடு அந்தக் கணக்கில் வராது.

புதிய வீட்டை மேம்பாட்டாளரிடம் வாங்கினால் 24 மாதங்களுக்குக் குறைகளை அவரே சரிசெய்து தர வேண்டும். பழைய வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. "உள்ளது உள்ளபடி" வாங்கிக்கொள்கிறேன் என்றுதான் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். அதில் கையெழுத்துப் போட்ட பிறகு கூரை ஒழுகினால் கேட்க ஆள் இல்லை.

பிரிட்டனில் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறார்கள். அங்கே சர்வேயர்களின் தொழில் கழகம் வீட்டுப் பரிசோதனையை மூன்று படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. பழைய வீடு, பெரிதாக மாற்றிக் கட்டிய வீடு என்றால் மூன்றாவது படியான முழுப் பரிசோதனையே நல்லது என்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பர் முதல், வீட்டை விற்பவரே பரிசோதனை அறிக்கையைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே அப்படிச் சட்டம் இல்லாததால் வாங்குபவரே முன்வந்து செய்துகொள்ள வேண்டும்.

கல்லும் கரையும்

"கல் வீட்டுக்கு என்ன கேடு வரப்போகிறது?" என்பார்கள். கல் நீண்ட காலம் நிற்கும் என்பது உண்மைதான். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822இல் உதகமண்டலத்தில் கட்டத் தொடங்கிய கல் பங்களா இன்றும் அங்கே அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. ஆனால் "கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும்" என்பதும் நம் பழமொழிதான். வீட்டைப் பொறுத்தவரை கரைப்பது தண்ணீர்.

பழைய கல் சுவர் பெரும்பாலும் ஒரே கல்லாக இருக்காது. வெளியே ஒரு கல் வரிசை, உள்ளே ஒரு கல் வரிசை, நடுவில் சிறு கற்களும் சாந்தும் போட்டு நிரப்பியிருப்பார்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயில் அடித்தால் வெளியே விட்டுவிடும். பின்னால் வந்தவர்கள் "பழசாகிவிட்டது" என்று அதன்மேல் சிமெண்டு பூசி, பளபளப்பான சாயமும் அடித்துவிட்டால், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. நடுவில் உள்ள சாந்து மெல்ல மெல்லக் கரைந்து இறங்கும். சுவர் வயிறு தள்ளும். அடியில் பூஞ்சை பிடிக்கும். சுவரில் சொருகியிருக்கும் மர உத்திரத்தின் நுனி உளுத்துப்போகும். வெளியே பார்த்தால் புது வீடு மாதிரி இருக்கும்.

பொறியாளர் வந்தால் இவற்றைத்தான் தேடுவார். தூக்குக்குண்டு பிடித்துச் சுவர் சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஈரமானியை வைத்துப் பார்ப்பார். ஆனால் உப்புப் பூத்த கல் சுவரில் அந்தக் கருவி அதிகமாகக் காட்டும். அதனால் எண்ணை மட்டும் பார்க்காமல், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பவரே நல்ல பொறியாளர்.

விரிசல் எல்லாம் ஒன்றல்ல. பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் இதற்கு ஓர் அளவு வகுத்திருக்கிறது. 5 மில்லிமீட்டர் வரையிலான விரிசலை அடைத்துப் பூசினால் பெரும்பாலும் போதும். 5 முதல் 15 வரை என்றால் கதவு சன்னல் இறுக ஆரம்பிக்கும், கொத்தனார் வேலை தேவைப்படும். 15க்கு மேல் போனால் சுவரின் சில பகுதிகளைப் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும். 25ஐத் தாண்டினால் கட்டடமே நிலைகுலையும் ஆபத்து உண்டு. அகலத்தோடு வயதும் முக்கியம். பழைய விரிசலுக்குள் தூசியும் பழைய சாயமும் இருக்கும். புதிய விரிசலின் ஓரம் கூர்மையாக, சுத்தமாக இருக்கும். புதியது என்றால் வீடு இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

இன்னும் ஒன்று. பழைய கல் வீட்டோடு பின்னாளில் ஒரு சமையலறையோ இரண்டு அறைகளோ ஒட்டிக் கட்டியிருப்பார்கள். பழைய அஸ்திவாரம் எப்போதோ இறங்கி அமர்ந்துவிட்டது. புதியது இனிமேல்தான் இறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாகப் பிளவு விடும். அந்தக் கட்டடத்துக்குக் கேமரன் மலை மாவட்ட மன்றத்தின் அனுமதி இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த தகடு இருக்கிறதா, பழைய மின்கம்பி இன்னும் ஓடுகிறதா, கரையான் எங்கே வரை ஏறியிருக்கிறது, மலத்தொட்டி எங்கே இருக்கிறது, இவையும் அறிக்கையில் வர வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் உள்ள மலை

மலை ஊரில் வீட்டை மட்டும் பரிசோதித்தால் பாதி வேலைதான் முடிந்தது. வீட்டுக்கு மேலே உள்ள சரிவையும், கீழே உள்ள சரிவையும் பார்க்க வேண்டும்.

1993 டிசம்பர் 11ஆம் தேதியை நம் நாடு மறக்காது. உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் இறந்தார்கள். பின்னால் இருந்த மலைச்சரிவில் தண்ணீர் சரியாக வடியவில்லை. தடுப்புச் சுவர்கள் தாங்கவில்லை. மண் சரிந்து அஸ்திவாரத்தைத் தள்ளியது. அதன் பிறகு நடந்த வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2006இல் கூட்டரசு நீதிமன்றம் உள்ளூர் நகராண்மைக் கழகம் பொறுப்பல்ல என்று தீர்ப்பளித்தது. "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்ற நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இது ஒன்றே போதும்.

கேமரன் மலையிலேயே 2013 அக்டோபரில் அணை நீர் திறந்துவிடப்பட்டு பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. 2024 ஜனவரியில் கம்போங் ராஜாவுக்கு அருகே புளூ வேலியில் மண் சரிந்து தொழிலாளர்கள் புதைந்தார்கள். வீடு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அது நிற்கும் மண் நகர்ந்தால் யாரும் எதுவும் செய்ய முடியாது.

தடுப்புச் சுவரில் நீர் வடிவதற்கான துளைகள் இருக்கின்றனவா, மழைக்குப் பிறகு அவற்றில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். துளைகள் அடைபட்டு, சுவர் முன்பக்கம் சாய்ந்திருந்தால் பின்னால் தண்ணீர் தேங்கி அழுத்துகிறது என்று அர்த்தம். மேலே புதிதாகக் காட்டை வெட்டியிருக்கிறார்களா, அந்த மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். சரிவில் மரங்கள் வளைந்து நிற்கின்றனவா என்றும் பாருங்கள். வெயில் நாளில் ஒரு தடவை, கனமழைக்கு மறுநாள் ஒரு தடவை என்று இரண்டு முறை போவது நல்லது. சந்தேகம் இருந்தால் மண்ணியல் பொறியாளரின் கருத்தையும் கேளுங்கள்.

சாதாரண வீட்டுக் காப்புறுதியில் மண்சரிவு பெரும்பாலும் தானாகச் சேராது. தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். இதையும் மனதில் வையுங்கள்.

யாரைக் கூப்பிடுவது, எப்போது?

மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர், அல்லது பழைய கட்டடங்களில் அனுபவம் உள்ள கட்டடச் சர்வேயர். விற்பனை முகவர் சிபாரிசு செய்பவர் வேண்டாம். "பார்ப்பதற்குக் காசு வேண்டாம், வேலையை எனக்கே கொடுங்கள்" என்று சொல்லும் குத்தகையாளரும் வேண்டாம். முன்னவருக்கு வீடு விற்க வேண்டும், பின்னவருக்கு வேலை கிடைக்க வேண்டும்.

முன்பணம் கட்டும்போதே, "பரிசோதனை அறிக்கை திருப்தியாக இருந்தால் மட்டுமே வாங்குவேன், இல்லையென்றால் முன்பணம் திரும்ப வேண்டும்" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வழக்கறிஞரிடம் சொன்னால் எழுதித் தருவார். "அண்ணே, நாளைக்கே காசு கட்ட இன்னொருத்தர் தயாரா இருக்காரு" என்று முகவர் அவசரப்படுத்துவார். அவர் வாங்கினால் வாங்கட்டும். ஐந்து லட்சம் வெள்ளி வீடு என்றால், பத்து விழுக்காடு முன்பணமே ஐம்பதாயிரம் வெள்ளி. அதைக் காப்பாற்றப் பரிசோதனைக்கு ஆகும் கட்டணம் பெரிய செலவல்ல.

பொறியாளர் கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. நிலப் பட்டா. மலையில் சில நிலங்கள் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் இருப்பவை. அந்த உரிமத்தை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. நில அலுவலகத்தில் தேடுதல் செய்யாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும்

முப்பது நாற்பது பக்க அறிக்கையைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். குறையே இல்லாத பழைய வீடு கிடையாது. பொறியாளரிடம் உட்கார்ந்து, குறைகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்த வீடே வேண்டாம் என்று சொல்ல வைப்பவை. விலையைக் குறைத்துக் கேட்க வேண்டியவை. குடியேறிய பின் மெல்லச் சரிசெய்யக்கூடியவை. "இந்த இடங்களைப் பார்க்க முடியவில்லை" என்று அறிக்கையில் எழுதியிருக்கும் பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். தரைக்கடியிலும் பலகைக்குப் பின்னாலும் இருப்பதுதான் பின்னால் செலவு வைக்கும். திறந்து காட்டச் சொல்லி விற்பவரிடம் கேளுங்கள். மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

அன்பர்களே, தோட்டத்தில் வாழ்ந்த நம் பெரியவர்களுக்கு எந்த வீட்டில் இருப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. கொடுத்த லயத்தில் இருந்தார்கள். ஒழுகினால் பாத்திரம் வைத்தார்கள். இன்று நமக்கு அந்த உரிமை வந்திருக்கிறது. வேண்டும் என்று சொல்வது போலவே, வேண்டாம் என்று சொல்லித் திரும்பி வருவதும் அந்த உரிமைதான். அப்பா நாற்பது ஆண்டு வேலை செய்து சேர்த்த சேமநிதியை ஒரு சுவரின் மேல் வைக்கப்போகிறோம். அந்தச் சுவர் தாங்குமா என்று முதலில் ஒருவரை வைத்துப் பார்த்துவிடுவோம்.