கிராம சபையில் எழுந்து நில்லுங்கள்

திருச்சுழிப் பக்கத்துப் பெண்களை வாயில்லாப் பூச்சிகள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். தண்ணீர் வராவிட்டால் காலிக் குடத்தோடு ரோட்டில் உட்காரத் தெரிந்தவர்கள் அவர்கள். மகளிர் குழுவில் வட்டிக் கணக்கு கொஞ்சம் இடித்தாலும் விடமாட்டார்கள். ஆனால், கிராம சபையில் மைக்கை நீட்டினால் முன்னால் இருப்பவர் முதுகுக்குப் பின்னே ஒளிந்துகொள்வார்கள்.

அருப்புக்கோட்டையில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது இவர்களைப் பேச வைப்பதுதான் என் வேலை. “ஒங்கள மாதிரி அழகா பேச எனக்கு வராது டீச்சர்” என்பார்கள். பயத்தின் வேர் இந்த ‘அழகா’வில் இருக்கிறது. மேடை என்றாலே அடுக்குமொழி என்று நம்மைப் பழக்கிவிட்டார்கள். இதே விருதுநகர் மண்ணில் பிறந்த காமராசர் அடுக்குமொழி பேசியவரல்ல. வீட்டுப் பேச்சையே மேடையிலும் பேசினார்; 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தார்.

பலர் கண்ணும் ஒருசேர நம்மேல் விழும்போது உடம்பு அதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது. பேச ஆரம்பித்துவிட்டால் பெரும்பாலும் மெல்ல அடங்கிவிடும். அதனால், எழுவதற்கு முன் மூச்சை நிதானமாக வெளியே விடச் சொல்வேன். முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்வேன். முழுப் பேச்சையும் உருப்போட்டால் ஒரு சொல் மறந்தாலும் எல்லாம் போச்சு.

ஆடு மேய்க்கும் ஓர் அக்கா அப்படித்தான் எழுந்தார். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, “நம்ம கண்மாய் வரத்துக்கால்ல கருவேலஞ்செடி மண்டிக் கெடக்குங்கய்யா” என்றார். குரல் கம்மியது. அந்த வாக்கியம் தாண்டியதும், எந்த வளைவில் அடைப்பு, மடையில் எந்தப் பக்கம் கல் பெயர்ந்திருக்கிறது என்று கொட்டித் தீர்த்துவிட்டார். தினமும் ஆட்டோடு நடக்கிற வழியாயிற்றே! அங்கிருந்த அதிகாரி பேனாவை எடுத்தார்.

காந்தியும் நடுங்கியவர்தான். பம்பாய் நீதிமன்றத்தில் முதல் வழக்கில் எழுந்தவர், நா எழாமல் உட்கார்ந்து, வேறு வக்கீலைப் பார்க்கச் சொல்லிவிட்டார். 1893இல் பிரிட்டோரியாவில் இந்தியர்கள் படும் பாட்டைப் பார்த்த பிறகு, அவர்களைக் கூட்டி வைத்துப் பேசினார். தம் முதல் பொதுப்பேச்சு என்று அவரே குறிப்பிடுவது அதைத்தான். சொல்லியாக வேண்டிய விஷயம் கையில் இருந்தது; நாக்கு புரண்டது.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் தமிழ்நாட்டில் கிராம சபை கூடும். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதில் உறுப்பினர்கள். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். உங்கள் தெருவுக்கு வேண்டிய ஒன்றை உங்கள் பேச்சிலேயே கேளுங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.