குருவிச்சையின் உறவுமுறை

மாமரக் கொம்பிலே பிறிதொரு தழை செழித்துத் தொங்கக் காண்கிறோம். யாழ்ப்பாணத்தார் அதனைக் குருவிச்சை என்பர். புல்லுருவி என்றாலும் அதுவே. பூக்கொத்திக் குருவி கனியை உண்டு, பசைமிக்க வித்தைக் கிளையில் ஒட்டிச் செல்கிறது. முளைத்த வித்துக் கிளையைத் துளைத்து நீரையும் உப்பையும் கவர்கிறது; உணவைத் தன் பச்சிலையாலேயே ஆக்கிக்கொள்கிறது. ஆதலின் முழுக் கள்வன் என்று பழிப்பதற்கில்லை.

நம் வைத்தியர் ஏறிய மரத்தின் பெயரால் இதனைப் பிரித்தனர்: மாமரத்துப் புல்லுருவி, புளியமரத்துப் புல்லுருவி என்றவாறு. தாவரவியலாரோ மரத்தை விடுத்து மலரை நோக்கினர். அவர் கணக்கில் இவ்விரண்டும் ஓரினமாகவே இருத்தல் கூடும். நீண்ட குழல்மலருடைய தெந்திரொப்தே பல்காத்தா என்னும் ஓரினமே ஏறத்தாழ 400 வகைத் தாவரங்களில் ஏறி வாழ்வதாகப் பதிவாகியுள்ளது.

மலரை நோக்கியவரும் ஓரிடத்தில் ஏமாந்தனர். லொராந்தசு, விசுக்கம் என லின்னேயசு 1753இல் வகுத்த இரு சாதிகளையும் பின்வந்தோர் பலர் ஒரே குடும்பத்தில் அடக்கினர். மரபணு ஆராய்ச்சி அவ்வுறவை அறுத்துவிட்டது. கிளையேறி வாழும் வழக்கம் சந்தன வரிசையில் ஐந்து முறை தனித்தனியே தோன்றியதாம்! மண்ணில் நிற்கும் சந்தன மரமே விசுக்கத்துக்கு அணுக்கமான உறவு. லொராந்தசு சேய்மை உறவே.

விசுக்கத்தின் ஓரினம் நம் நாட்டில் தெந்திரொப்தேயின் மீதே ஏறி வளர்கிறது. மரத்தை நோக்கிப் பெயரிடும் வைத்தியர் அதனை எவ்வாறு அழைப்பாரோ?