சிறுநீரகத்துக்கு ஏற்ற சாம்பார்

“சாம்பாரை விட்டுவிடுங்கள்” என்று சொல்வது எளிது. சிறுநீரகம் பழுதானவருக்கு மருத்துவமனையில் தரும் அச்சிட்ட தாளில், தவிர்க்க வேண்டியவை வரிசையாக இருக்கும். பருப்பு, தக்காளி, கீரை, கிழங்கு, இளநீர், வாழைப்பழம், ஊறுகாய், அப்பளம். அந்தத் தாளோடு வீடு திரும்பும் மனைவியோ மருமகளோ மறுநாள் காலை அடுப்படியில் நிற்கும்போது, இதில் எதை வைத்துச் சமைப்பது என்ற கேள்விக்குத் தாளில் பதில் இருக்காது.

அதன் பிறகு நடப்பதை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். நோயாளிக்கென்று தனியாக ஒரு சின்னப் பாத்திரத்தில் உப்புமில்லாமல் உறைப்புமில்லாமல் ஏதோ வேகும். மற்றவர்களுக்கு வழக்கமான சமையல். நான்கு நாள் பொறுத்துக்கொண்டவர் ஐந்தாம் நாள் தட்டைத் தள்ளிவைப்பார், அல்லது யாரும் பார்க்காதபோது ஊறுகாய் பாட்டிலைத் திறப்பார். சாப்பாடு குறைந்து உடல் இளைத்தவருக்கு டயாலிசிஸைத் தாங்குவதே கடினம். நம் சமையலைக் கைவிடச் சொல்லும் தாளைவிட, நம் சமையலை எப்படி மாற்றுவது என்று சொல்லும் தாள்தான் இந்தக் குடும்பங்களுக்குத் தேவை. மாற்ற முடியுமா என்றால், நிச்சயம் முடியும்.

முதலில் காரணம் தெரிய வேண்டும். நாம் உண்ணும் பொட்டாசியத்தில் பெரும்பகுதியைச் சிறுநீரில் வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அது தளர்ந்தால் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கும். சாதாரண அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை. 6-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம், அதுவும் பல நேரம் முன்னறிவிப்பு இல்லாமல். இதோடு உப்பின் சோடியம், எலும்பையும் ரத்தக்குழாயையும் கெடுக்கும் பாஸ்பரஸ், குடிக்கும் தண்ணீர் என்று மூன்று கணக்குகள் சேர்ந்துகொள்ளும். ஆனால் எல்லோருக்கும் எல்லாக் கட்டுப்பாடும் கிடையாது. நோயின் ஆரம்ப நிலையில் பலருக்குப் பொட்டாசியத்தைக் குறைக்கவே தேவை இருக்காது. வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அது தினமும் நடப்பதால், இந்த விஷயத்தில் பெரும்பாலும் கை கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். எதைக் குறைப்பது என்பதை ரத்தப் பரிசோதனை சொல்ல வேண்டும்; பக்கத்து வீட்டு நோயாளியின் தாள் சொல்லக் கூடாது. மலச்சிக்கல், கட்டுக்கடங்காத சர்க்கரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவையும் பொட்டாசியத்தை ஏற்றும். அளவு கூடிவிட்டதென்றால் சமைத்தவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

இப்போது சாம்பாருக்கு வருவோம். ஒருவர் பங்குக்கு 25 கிராம் துவரம்பருப்பு, அரைத் தக்காளி, சில முருங்கைக்காய்த் துண்டுகள், கொஞ்சம் புளி, ஒரு தேக்கரண்டி பொடி என்று வைத்துக்கொள்வோம். துவரம்பருப்பில் 100 கிராமுக்குச் சுமார் 1,400 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. ஆகவே பருப்பில் மட்டும் 350. முருங்கைக்காய் 50 கிராமில் 200-க்கு மேல். தக்காளியில் 100-ஐ ஒட்டி. பொடியில் 70 போல. 5 கிராம் புளியில் 30 அளவுதான். மொத்தம் 700-ஐத் தாண்டிவிடுகிறது. பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவருக்கு நாள் முழுவதற்குமே 2,000 முதல் 3,000 வரைதான் அனுமதி என்றால், ஒரு வேளைக் குழம்பில் இது பெரிய தொகை.

பல வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது புளி. ஆனால் இந்தக் கணக்கில் மிகக் குறைவான பங்கு அதனுடையதுதான். சாம்பாருக்கு உயிர் தருகிற புளியை விரட்டிவிட்டு, சுமையின் பாதியைத் தாங்கிய பருப்பைக் குக்கரில் அப்படியே வேகவைத்துக்கொண்டிருக்கிறோம். எந்தப் பொருள் எவ்வளவு தருகிறது என்று தெரிந்தால்தான் எதில் கைவைப்பது என்பது புரியும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணை, நம் ஊர்ப் பருப்பு, கீரை, காய் எல்லாவற்றுக்கும் இந்த எண்களைத் தருகிறது. அதிலிருந்து ஒரு பக்கத்தைத் தமிழில் எடுத்து ஒவ்வொரு டயாலிசிஸ் பிரிவின் சுவரிலும் ஒட்டிவைக்கலாம்.

பொட்டாசியம் தண்ணீரில் கரையும். நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி இதுதான். காயைச் சிறியதாக நறுக்கி, அதைப்போல ஐந்து மடங்குக்குக் குறையாத தண்ணீரில், திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். உருளைக்கிழங்கைச் சிறு துண்டுகளாக்கி வேகவைத்தால் பொட்டாசியம் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது, துருவி வேகவைத்தால் இன்னும் அதிகமாகக் குறைகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். வெறுமனே இரவெல்லாம் ஊறவைப்பதால் பெரிய பயன் இல்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. வெட்டி ஊறப்போட்டுவிட்டால் போதும் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேலையைச் செய்வது கொதிக்கும் தண்ணீர்.

இங்கே நம் கைப்பழக்கம் ஒன்று குறுக்கே வரும். காய் வெந்த தண்ணீரைக் கொட்டக் கூடாது, அதில்தான் சத்து என்று பள்ளிக்கூடத்திலிருந்தே படித்து வந்திருக்கிறோம். பருப்பு வெந்த தெளிவை எடுத்து ரசத்துக்கு வைப்பது பாட்டி காலத்து வழக்கம். மற்றவர்களுக்கு இரண்டுமே சரி. இந்த நோயாளிக்கு மட்டும், வெளியேறிய பொட்டாசியம் அந்தத் தெளிவோடு ரசத்தில் ஏறித் திரும்பி வந்துவிடும். குக்கரிலும் இதே கதைதான்: அளவாக ஊற்றிய தண்ணீர் முழுவதும் உள்ளேயே நின்றுவிடுவதால் எதுவும் வெளியே போவதில்லை. நோயாளி இருக்கும் வீட்டில் பருப்புக்கும் காய்க்கும் பழைய திறந்த பாத்திரம்தான் ஏற்றது. சோற்றையும் வடித்துச் சாப்பிடலாம்.

சாம்பாரைக் கட்டும் முறை இப்படி: பருப்பை ஆளுக்கு 10 கிராமாகக் குறையுங்கள். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்து மசித்துக்கொள்ளுங்கள். குறைந்த பருப்பால் போகிற கெட்டித்தன்மையை, அரைத்துவிட்ட சாம்பாருக்குச் செய்வதுபோல் கொஞ்சம் தேங்காயும் ஊறவைத்த அரிசியும் சேர்த்து அரைத்து ஈடுகட்டலாம். முருங்கைக்காய்க்குப் பதில் சுரைக்காய், சவ்சவ், புடலை, பீர்க்கை இவற்றில் ஒன்று. அதையும் தனியே வேகவைத்து வடித்தபின் சேர்க்க வேண்டும். தக்காளி வேண்டாம், புளி இருக்கட்டும். பெருங்காயம், கறிவேப்பிலை, வெந்தயம், கடுகுத் தாளிப்பில் சிக்கனம் தேவையில்லை, அவை சேர்கிற அளவு மிகச் சிறியது. கூட்டிப் பார்த்தால் பொட்டாசியம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. வாசனையில் அது சாம்பார்தான்.

தக்காளி இல்லாமல் எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நமக்கு வந்து சில நூற்றாண்டுகள்தான் ஆகின்றன. திவசச் சமையலில் இன்றைக்கும் அவற்றுக்கு இடமில்லை. மிளகும் சீரகமும்தான் அங்கே காரம். அந்தச் சமையல் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களிடம் கேட்டுப் பத்துப் பக்கம் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

உப்பு இதைவிடக் கடினமான பாடம். உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் சொல்லும் எல்லையே நாளைக்கு 5 கிராம், தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. நம் சாப்பாட்டில் குழம்புக்கு, பொரியலுக்கு, ரசத்துக்கு, மோருக்கு, இட்லி மாவுக்கு, தொட்டுக்கொள்வதற்கு என்று உப்பு தனித்தனியாக விழுவதால், யாரும் மொத்தத்தைப் பார்ப்பதே இல்லை. இதற்கு ஒரு வழி உண்டு. மருத்துவர் சொன்ன ஒரு நாள் உப்பைக் காலையிலேயே அளந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். சமையலை உப்பில்லாமல் இறக்கி, நோயாளியின் பங்கில் அந்தக் கிண்ணத்திலிருந்து மேலாகத் தூவுங்கள். மேலே கிடக்கும் உப்பு நாக்கில் முதலில் படும், குறைவாகவே போதும். மற்றவர்கள் தங்கள் பங்கில் வேண்டிய அளவு போட்டுக்கொள்ளலாம். எல்லோருக்கும் ஒரே பாத்திரத்துச் சாப்பாடு. நோயாளிக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அந்த வீட்டில் இருப்பவர்கள் அறிவார்கள்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்ற பழமொழி உள்ள ஊரில்தான், கும்பகோணத்துக்குப் பக்கத்துத் திருநாகேஸ்வரத்தில் ஒப்பிலியப்பன் இருக்கிறார். மார்க்கண்டேயரின் மகளாக வளர்ந்த பூமிதேவிக்கு உப்புப் போட்டுச் சமைக்கும் பக்குவம் தெரியாது என்று தந்தை மணம் செய்துதரத் தயங்க, உப்பில்லாமலே ஏற்றுக்கொள்கிறேன் என்று பெருமாள் சொன்னதாகத் தலபுராணம். அங்கே நிவேதனத்தில் இன்றும் உப்புச் சேர்ப்பதில்லை. மிளகும் நெய்யும் சேர்ந்த அந்தப் பிரசாதத்தை ஒருவரும் குறை சொல்லிச் சாப்பிடுவதில்லை. நாக்கு பழகும். சில வாரங்கள் விடாமல் குறைத்துவந்தால் முன்பு சாப்பிட்ட உப்பே கரிப்பாகத் தெரியத் தொடங்கும்.

ஆனால் ஓர் ஆபத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கடையில் “குறைந்த சோடியம்” என்று விற்கும் உப்பில், சோடியம் குறைந்த இடத்தைப் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான் நிரப்புகிறது. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இவ்வகை உப்பைப் பொதுமக்களுக்குப் பரிந்துரைத்தபோது, சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களை அதிலிருந்து விலக்கியே வைத்தது. இதய நோய்க்கு நல்லது என்று யாரோ வாங்கிக் கொடுத்த பாக்கெட் இந்த நோயாளியின் உயிருக்கே உலை வைக்கலாம். இந்துப்பும் தீர்வாகாது, அதுவும் பெரும்பாலும் சாதாரண உப்பில் உள்ள அதே சோடியம் குளோரைடுதான். அப்பளத்திலும் மோர்மிளகாயிலும் கருவாட்டிலும் உள்ள உப்பைக் கழுவித் தீர்க்க முடியாது. விட்டுவிடுவதே வழி. வற்றல் குழம்பு இல்லாமல் இருக்க முடியாது என்பவர்கள், உப்பு மோரில் ஊறாத பச்சைச் சுண்டைக்காயை வதக்கிப் போடலாம்.

சிறுநீர் குறைந்துபோன டயாலிசிஸ் நோயாளிக்குத் தண்ணீர் அடுத்த போராட்டம். ரசம், மோர், கஞ்சி, காபி எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். நம் சாப்பாடோ சாம்பார், ரசம், மோர் என்று ஒவ்வொரு சுற்றிலும் நீராகவே ஓடுகிறது. இங்கே கைகொடுப்பது கலந்த சாதம். எலுமிச்சைச் சாதம் கிட்டத்தட்ட இந்த நோயாளிக்கென்றே பிறந்ததுபோல் இருக்கிறது: குழம்பு வேண்டாம், எலுமிச்சைச் சாற்றில் பொட்டாசியம் குறைவு, புளிப்பு இருப்பதால் உப்புக் குறைவு தெரியாது. வேர்க்கடலையை மட்டும் விட்டுவிடலாம். ரசத்தைச் சோற்றில் ஊற்றாமல், ஒரு சின்ன டம்ளரில் அளந்து மிளகு மணக்கக் கடைசியில் குடித்தால், 75 மில்லியிலேயே ஆசை தீரும்.

இன்று எங்கும் ஒலிக்கும் ஆரோக்கிய அறிவுரைகள் இந்தச் சமையலறையில் பல நேரம் தலைகீழாகின்றன. கேழ்வரகில் 100 கிராமுக்கு 400 மி.கி-க்கு மேல் பொட்டாசியம், வெள்ளை அரிசியில் 100 அளவில்தான். சர்க்கரை நோய்க்காகச் சிறுதானியத்துக்கு மாறியவர், சிறுநீரகம் தளர்ந்து பொட்டாசியமும் ஏறியபின், அளவோடு அரிசிக்குத் திரும்ப வேண்டியிருக்கலாம். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி மூன்றிலும் பொட்டாசியம் உண்டு. வெள்ளைச் சர்க்கரையில் அநேகமாக இல்லை. சேலத்து ஜவ்வரிசியையும் பாருங்கள். மரவள்ளிக்கிழங்கு பொட்டாசியம் மிகுந்தது. அதை அரைத்து, தண்ணீர் விட்டு அலசி, மாவுச்சத்தை மட்டும் படியவைத்து எடுக்கும்போது பொட்டாசியம் கழுவப்பட்டுப் போய்விடுகிறது. புரதமும் பொட்டாசியமும் ஏறாமல் மாவுச்சத்தின் தெம்பை மட்டும் தர வேண்டிய நாட்களில் ஜவ்வரிசி உப்புமா நல்ல துணை. சர்க்கரை நோயும் இருந்தால் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும், அது சர்க்கரையை விரைவில் ஏற்றும்.

புரதத்தில் நடக்கும் ஒரு தவறு எனக்கு மிகுந்த கவலை தருகிறது. டயாலிசிஸுக்கு முந்தைய நிலையில் உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பது வழக்கமான அளவு. டயாலிசிஸ் தொடங்கியபின் அதை 1 முதல் 1.2 கிராம் வரை கூட்ட வேண்டும், ஏனென்றால் சுத்திகரிப்பிலேயே புரதச் சத்து கொஞ்சம் வெளியேறுகிறது. 60 கிலோ உள்ளவருக்கு 48 கிராமாக இருந்தது 60, 72 என்று உயர வேண்டும். ஆனால் பல வீடுகளில் பழைய தாளே சுவரில் தொங்குகிறது. பருப்பும் முட்டையும் கண்ணில் காட்டுவதில்லை. தசை கரைந்து, நடக்கத் தள்ளாடுகிறார் நோயாளி. முட்டையின் வெள்ளைக்கரு இவர்களுக்கு அருமையான உணவு: ஒன்றில் மூன்றரை கிராம் புரதம், பாஸ்பரஸ் மிகச் சொற்பம். வெங்காயம், மிளகு சேர்த்துப் பொடிமாஸாக்கினால் தினமும் இறங்கும். புதிய மீன், கோழி ஆகலாம், சாற்றையும் சூப்பையும் விட்டுவிட்டு. சைவர்களுக்குப் பருப்பு அளவோடு திரும்பி வர வேண்டும். பருப்பில் உள்ள பாஸ்பரஸ் பெரும்பாலும் பைட்டேட் வடிவில் இருப்பதால் உடல் அதை முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. கோலா பானத்திலும் பதப்படுத்திய இறைச்சியிலும் சேர்க்கும் பாஸ்பேட்டோ ஏறக்குறைய முழுவதும் ரத்தத்தில் ஏறுகிறது. பருப்புக்குப் பயந்து பாக்கெட் தீனிக்கு இடம் கொடுப்பது தலைகீழான எச்சரிக்கை.

நட்சத்திரப் பழத்தை மட்டும் எந்த முறையிலும் மாற்றிச் சமைக்க முடியாது. சிறுநீரகம் பழுதானவர்களின் மூளையையே தாக்கும் நச்சு அதில் இருக்கிறது. ஒரு துண்டும் கூடாது.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, உங்கள் வீட்டுச் சாம்பாரில் ஆளுக்கு எத்தனை கிராம் பருப்பு, என்ன காய், எவ்வளவு உப்பு, அது குக்கரில் வேகிறதா திறந்த பாத்திரத்திலா என்று எழுதி எடுத்துப்போங்கள். கடைசி ரத்தப் பரிசோதனை முடிவையும் அதோடு வைத்து, உணவியல் நிபுணரைப் பார்த்து, “இதில் எதை எவ்வளவு மாற்ற வேண்டும்” என்று கேளுங்கள். சாப்பிடலாமா கூடாதா என்று மட்டும் கேட்டால், கூடாது என்ற பதிலோடு அந்தப் பழைய தாள்தான் திரும்பக் கிடைக்கும்.