சிறுபிள்ளைகளும் மெய்யுரைத்தலும்

திருவான்மியூரில் ஆயர் ஒருவர் சபையார் இல்லமொன்றிற்குச் செல்வதாகக் கொள்வோம். "ஞாயிறு ஆராதனையில் உங்களைக் காணவில்லையே, அம்மா?" என வினவுகிறார். "காய்ச்சலாயிருந்தது, ஐயா" என்கிறார் தாய். அருகில் நிற்கும் நான்கு வயதுப் பிள்ளையோ, "இல்லையே, கடற்கரைக்குத்தானே போனோம்!" என்கிறது. தாய் பிள்ளையை முறைக்கிறார். அப்பிள்ளை அன்று கற்றது என்ன?

பொய்யை அளக்கச் சிறுவர் கொள்ளும் அளவுகோல் நம்முடையதன்று. சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே 1932-இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார். பசுவளவு நாயைக் கண்டதாகக் கூறிய பிள்ளை, ஆசிரியர் நன்மதிப்பெண் தந்ததாக வீட்டாரை நம்பச்செய்த பிள்ளை ஆகிய இருவருள் முன்னதே பெரும்பொய் கூறியது என்றனர் இளஞ்சிறார். நடக்கவியலாததைச் சொன்னதே அவர்களுக்குப் பெருங்குற்றம்; ஏமாற்றும் நோக்கத்தை அவர்கள் பெரிதாக எண்ணவில்லை.

ஆயினும், பிறர் மனம் நோகாதபடி பேசும் வழக்கத்தைப் பிள்ளைகள் விரைவில் அறிந்துகொள்கின்றனர். விக்டோரியா தல்வார், காங் லீ ஆகியோர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், மூக்கில் செந்நிறக் கறையுள்ள ஒருவர் தாம் புகைப்படத்திற்கு ஏற்றவாறு இருக்கிறாரா என 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார். பெரும்பாலோர் ஆம் என்றனர். பின்னர் வேறொருவரிடம் உண்மையைக் கூறினர்.

அச்சுறுத்தினால் பொய் அகலுமோ? காங் லீ குழுவினரின் 2014-ஆம் ஆண்டு ஆய்வு நம் கவனத்திற்குரியது. பார்க்கலாகாது என்ற பொம்மையைப் பிள்ளைகள் எட்டிப்பார்த்தனரா என்று கேட்குமுன் அவர்களுக்கு ஒரு கதை கூறப்பட்டது. ஓநாய் வந்ததாகப் பொய்க்கூச்சலிட்ட சிறுவனின் கதையும் பினோக்கியோ கதையும் பயன்தரவில்லை. தவற்றை ஒப்புக்கொண்டு தந்தையின் பாராட்டைப் பெற்ற சிறுவன் வாஷிங்டனின் கதையைக் கேட்டோரே மிகுதியாக உண்மை கூறினர். அதே கதையைப் பொய்யின் தீவிளைவைக் காட்டுமாறு மாற்றியபோது அப்பயன் மறைந்தது.

ஞாயிறு பள்ளியில் அனனியா, சப்பீராள் வரலாற்றோடு (அப். 5) நிறுத்திவிடுவோர் இதனைச் சிந்திக்கவேண்டும். குற்றத்தை அறிக்கையிட வந்த மகனைத் தகப்பன் ஓடிச்சென்று தழுவியதையும் (லூக்கா 15) பிள்ளைகள் கேட்கவேண்டும். எபேசியர் 4:15 சத்தியத்தையும் அன்பையும் பிரிக்கவில்லை.

அவ்வில்லத்தில் ஆயர் தாயைக் கடிந்துகொண்டால், மெய் ஆபத்தானது என்று பிள்ளை கற்கும். முகம் கோணாது அவர் உரையாடினால், மெய்க்கு இடமுண்டு என்று கற்கும். ஆயினும், அதற்குமுன் ஆயர் தம்மையே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: அத்தாய் பொய்யுரைத்தது யாருக்கு அஞ்சி?